மைக்கல் பரடே: வினாவை வாழ்வாக்கிய விஞ்ஞானி

இளைஞர் மன்றங்களில் நடைபெறும் பொது அறிவுப் போட்டிகளை நாம் எல்லோரும் அறிவோம். நடுவர் வினாவை வாசித்து முடிக்குமுன்னே ஒரு கை உயரும், விடை பிறக்கும், சபையிலே கரகோஷம் எழும். மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தவர் யார் என்பது அப்போட்டிகளில் அடிக்கடி தலைகாட்டும் வினாக்களுள் ஒன்று. மைக்கல் பரடே என்று சொன்னால் ஒரு புள்ளி கிடைத்துவிடும். அடுத்த வினாவுக்குப் போய்விடுவோம். அந்த ஒற்றைப் பெயருக்குள்ளே ஒரு கொல்லர் மகனின் பசியும், ஒரு தொழில் பழகும் பையனின் தாகமும், பத்தாண்டுக் காலத் தோல்வியும், முதுமையிலே நினைவு மங்கிய ஒரு மேதையின் பொறுமையும் அடங்கியிருக்கின்றன என்பதை எண்ணிப் பார்க்க நமக்கு நேரம் வாய்ப்பதில்லை.

பரடேயின் வாழ்வு முழுவதும் வினாக்களால் ஆனது. ஆனால் அவ்வினாக்களுக்கு நூல்களிலே விடை தேடி, அதை மனனஞ் செய்து அமைதியடைந்தவர் அல்லர் அவர். தம் கையாற் செய்து, தம் கண்ணாற் கண்ட பின்னரே ஒன்றை உண்மையென ஏற்றவர். ஆதலின் அவர்தம் சரிதத்தை அவர் கேட்ட வினாக்களோடு சேர்த்துச் சொல்வதே பொருத்தமெனத் தோன்றுகிறது.

வறுமையிற் பிறந்த பிள்ளை

இலண்டன் மாநகரின் தென்புறத்தே நியூயிங்ரன் பட்ஸ் என்னும் இடத்தில், 1791ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 22ஆம் நாள் பரடே பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் பரடே இரும்பு வேலை செய்யுங் கொல்லர். இங்கிலாந்தின் வடபகுதியிலிருந்து பிழைப்பை நாடித் தலைநகருக்கு வந்தவர். நோயுற்ற அவரால் நாள்தோறும் உலைக்களத்துக்குச் செல்ல இயலவில்லை. நான்கு பிள்ளைகளுள் மூன்றாமவர் மைக்கல். உணவுப் பொருள்கள் விலையேறியிருந்த 1801ஆம் ஆண்டிலே சிறுவனுக்கு ஒரு பாண் கொடுக்கப்பட்டதென்றும், அதனைக் கொண்டே அவன் ஒரு கிழமையைக் கழிக்க வேண்டியிருந்ததென்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

பள்ளியிலே அவர் கற்றது வாசிப்பு, எழுத்து, சிறிது கணக்கு ஆகிய மூன்று மட்டுமே. உயர்ந்த கணிதம் அவருக்கு இறுதிவரை கைவரவில்லை. இந்தக் குறையை நினைவில் வைத்துக்கொள்ளுவோம். பின்னர் இதற்கு ஒரு பயன் வரப்போகிறது.

புத்தகங் கட்டும் கடையிலே

பதின்மூன்றாம் வயதில், ஜோர்ஜ் றிபோ என்பவரின் புத்தகக் கடையிலே பரடே ஏவல் வேலைக்குச் சேர்ந்தார். வாடகைக்கு விடப்பட்ட பத்திரிகைகளை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும், வாசித்து முடிந்ததும் திரும்ப வாங்கி வருவதும் அவர் வேலை. பையனின் நேர்மையைக் கண்ட முதலாளி, 1805ஆம் ஆண்டிலே அவரைப் புத்தகங் கட்டுந் தொழில் பழகும் மாணவராக ஏற்றுக்கொண்டார். அக்காலத்தில் தொழில் பழகுவதற்குப் பெற்றோர் பணங் கட்டவேண்டும். றிபோ அப்பணத்தையும் வேண்டாமென விட்டுவிட்டார். இவ்வாறு ஏழாண்டு கழிந்தது.

கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் பரடே கட்டினார். கட்டிய புத்தகங்களை வாசித்தார். பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் என்ற கட்டுரை அவர் கண்ணிற் பட்டது. மின்சாரம் என்றால் என்ன என்ற வினா அன்று அவர் மனத்திலே புகுந்தது, பிறகு வெளியேறவேயில்லை.

மற்றொரு நூல் ஜேன் மார்சற் அம்மையார் எழுதிய இரசாயன உரையாடல்கள். ஓர் ஆசிரியையும் இரு மாணவிகளும் வினாவும் விடையுமாகப் பேசிக்கொள்ளும் முறையில் அமைந்த நூல் அது. அந்நூல் கூறியவற்றைப் பரடே அப்படியே நம்பிவிடவில்லை. தம்மிடமிருந்த சில்லறைக் காசுக்கு எட்டிய பொருள்களை வாங்கிச் சிறு சிறு பரிசோதனைகள் செய்தார். நூலில் உள்ளது உண்மையே என்று கண்ட பின்னர்தான் அந்நூலை நம்பினார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றபோதும் தம் ஆராய்ச்சிக் கட்டுரைகளை அந்த அம்மையாருக்கு நன்றியோடு அனுப்பி வந்தார்.

அக்காலத்தில் இலண்டனிலே ஜோன் ரேற்றம் என்பவர் தம் வீட்டில் விஞ்ஞான விரிவுரைகள் நிகழ்த்திவந்தார். ஒரு விரிவுரைக்குக் கட்டணம் ஒரு சிலிங். தொழில் பழகும் பையனிடம் சிலிங் ஏது? தந்தையைப் போலவே கொல்லுத் தொழில் செய்த மூத்த சகோதரர் றொபேட், தாம் உழைத்த காசிலிருந்து அதைக் கொடுத்துதவினார். தம்பி மேடையேறுவதற்குத் தமையன் தோள் கொடுப்பது நம் குடும்பங்களுக்குப் புதியதன்று. பரடேயின் புகழிலே அந்தச் சிலிங்குகளுக்கும் பங்குண்டு.

கதவு திறந்தது

அந்நாளில் இங்கிலாந்தின் தலைசிறந்த இரசாயன விஞ்ஞானியாக விளங்கியவர் சேர் ஹம்பிரி டேவி. மின்னோட்டத்தைக் கொண்டு சோடியம், பொற்றாசியம் என்னும் உலோகங்களை 1807ஆம் ஆண்டிலே முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர் அவரே. றோயல் இன்ஸ்ரிரியூஷன் என்னும் விஞ்ஞான நிலையத்தில் அவர் ஆற்றும் விரிவுரைகளைக் கேட்கச் செல்வர் கூட்டம் திரளும். கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர், 1812ஆம் ஆண்டிலே டேவியின் நான்கு விரிவுரைகளுக்கு அனுமதிச் சீட்டைப் பரடேக்கு அளித்தார்.

பரடே மேல்மாடத்தில் அமர்ந்து ஒவ்வொரு சொல்லையும் குறித்துக்கொண்டார். வீடு சென்று குறிப்புகளை விரிவாக எழுதினார். பரிசோதனைக் கருவிகளைப் படமாக வரைந்தார். ஏறக்குறைய 300 பக்கங்கள் கொண்ட அந்தக் கையெழுத்துப் பிரதியைத் தாமே அழகாகக் கட்டினார். றோயல் சொசைற்றியின் தலைவருக்கு வேலை கேட்டு எழுதிய கடிதத்துக்கு மறுமொழி வரவில்லை. அவ்வாண்டு இறுதியில் தாம் கட்டிய நூலைக் கடிதத்தோடு டேவிக்கே அனுப்பினார். டேவி மனமிரங்கி மறுமொழி எழுதினார். சிறிது காலத்தில் ஆய்வுகூட உதவியாளர் ஒருவர் சண்டை போட்டதற்காக விலக்கப்பட, அந்த இடத்துக்கு 1813ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதலாந் திகதி பரடே நியமனம் பெற்றார். கிழமைக்கு 25 சிலிங் சம்பளம். கட்டடத்தின் மேல்மாடியில் இரண்டு அறைகள். அவ்வறைகளுக்குள் புகுந்தவர் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அந்த நிலையத்தையே தம் இல்லமாகக் கொண்டார்.

வைரம் எதனால் ஆனது?

அதே ஆண்டு ஒக்ரோபரில் டேவி ஐரோப்பியப் பயணம் புறப்பட்டார். பரடேயும் உடன் சென்றார். டேவியின் ஏவலாள் வர மறுத்துவிட்டமையால் அவ்வேலையும் இவர் தலையில் விழுந்தது. டேவியின் மனைவியார் அவரை ஒரு வேலைக்காரனாகவே நடத்தினார். மனம் நொந்து ஊர் திரும்பிவிட எண்ணியதும் உண்டு. ஆயினும் கற்கக்கூடியதைக் கற்காமல் திரும்புவதா என்று பொறுத்துக்கொண்டார். அவமானத்தைப் பொறுத்தது அடிமைப் புத்தியால் அன்று. அறிவின்மேல் வைத்த ஆசையால்.

இத்தாலியில் புளோரன்ஸ் நகரிலே 1814ஆம் ஆண்டு அவர் கண்ட பரிசோதனை ஒன்று குறிப்பிடத்தக்கது. விலைமதிப்பற்ற வைரம் எதனால் ஆனது? ஒட்சிசன் வாயு நிரம்பிய கண்ணாடிக் கோளத்தினுள்ளே வைரத்தை வைத்து, ஒரு பெரிய வில்லையால் சூரிய ஒளியை அதன்மேற் குவித்தார்கள். வைரம் எரிந்தது. எரிந்து எஞ்சியது காபனீரொட்சைட்டு வாயுவே. எனவே அரசர் முடியில் ஒளிரும் வைரமும் அடுப்படியிற் கிடக்கும் கரியும் ஒரே காபன் என்னும் மூலகத்தின் இரு வடிவங்கள் என்பது உறுதியாயிற்று. மிலான் நகரிலே, மின்கலத்தை ஆக்கிய வோல்ற்றாவையும் பரடே கண்டார். 1815ஆம் ஆண்டிலே இலண்டன் திரும்பும்போது, பல்கலைக்கழகம் தராத கல்வியைப் பயணம் அவருக்குத் தந்துவிட்டது.

காந்தம் மின்சாரத்தைத் தருமா?

மின்னோட்டம் செல்லுங் கம்பிக்கு அருகே வைத்த திசைகாட்டி ஊசி திரும்புகிறது என்பதை டென்மார்க்கைச் சேர்ந்த ஏர்ஸ்ரெட் 1820ஆம் ஆண்டில் அறிவித்தார். அடுத்த ஆண்டு செப்ரெம்பரில் பரடே ஒரு பாத்திரத்தில் இரசத்தை ஊற்றி, நடுவே காந்தத்தை நிறுத்தி, மேலே கம்பியொன்றைத் தொங்கவிட்டு மின்னோட்டத்தைச் செலுத்தினார். கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. இன்று விசிறியிலும் நீரிறைக்கும் இயந்திரத்திலும் சுழலும் மோட்டருக்கு அதுவே முதல் வித்து. அவ்வாண்டிலேதான் சாரா பார்னார்ட் என்னும் நங்கையை மணந்து இல்லறத்திலும் புகுந்தார்.

ஆனால் புகழோடு பழியும் வந்தது. வொலஸ்ரன் என்ற மூத்த விஞ்ஞானியின் கருத்தை எடுத்துக்கொண்டு அவர் பெயரைச் சொல்லாது விட்டார் என்று சிலர் குற்றஞ் சாட்டினர். 1824ஆம் ஆண்டு றோயல் சொசைற்றி பரடேயை அங்கத்தவராக ஏற்றபோது, அவரை எதிர்த்து நின்றவர் வேறெவருமல்லர், அவரை வளர்த்துவிட்ட டேவியே. மாணவன் தன்னை மிஞ்சுவதைப் பொறுப்பது எல்லா ஆசிரியர்க்கும் எளிதன்று. பரடேயோ இறுதிவரை டேவியிடம் வைத்த மதிப்பைக் கைவிடவில்லை.

மின்சாரம் காந்தத்தைத் தருமானால், காந்தம் மின்சாரத்தைத் தரவேண்டுமன்றோ? இந்த வினாவை 1822ஆம் ஆண்டிலேயே அவர் தம் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தார். பலமுறை முயன்றார், ஒவ்வொரு முறையும் ஊசி அசையாமல் நின்றது. கம்பிக்கு அருகே வலிய காந்தத்தை அசையாமல் வைத்துவிட்டு, மின்சாரம் வருமென்று எல்லா விஞ்ஞானிகளுங் காத்திருந்தார்கள். வரவில்லை.

1831ஆம் ஆண்டு ஓகஸ்ற் 29ஆம் நாள் விடை கிடைத்தது. ஏறத்தாழ ஆறு அங்குல விட்டமுள்ள இரும்பு வளையத்தின் ஒரு புறத்தே ஒரு கம்பிச்சுருளும், மறுபுறத்தே இன்னொரு கம்பிச்சுருளும் சுற்றினார். முதற் சுருளை மின்கலத்தோடு இணைத்த கணத்தில், இரண்டாஞ் சுருளோடு சேர்ந்த ஊசி துடித்து, மீண்டும் ஓய்ந்தது. இணைப்பை அறுத்த கணத்தில் எதிர்த்திசையிலே துடித்தது. மின்னோட்டம் நிலையாக ஓடிக்கொண்டிருந்த வேளையிலோ ஊசி சும்மா கிடந்தது. பரடே பொருளை உணர்ந்துகொண்டார்: காந்தம் இருப்பதனால் மின்சாரம் பிறப்பதில்லை, காந்தநிலை மாறுவதனாலேயே பிறக்கிறது. ஒக்ரோபர் 17ஆம் நாள் கம்பிச்சுருளினுள்ளே காந்தக் கோலை விரைவாக நுழைத்தும் வெளியே இழுத்தும் அதனை உறுதிசெய்தார். அம்மாதக் கடைசியில் பெரிய காந்தமொன்றின் முனைகளுக்கிடையே செப்புத் தட்டொன்றைச் சுழற்றித் தொடர்ந்து மின்னோட்டத்தைப் பெற்றார்.

அந்தச் செப்புத் தட்டே மின்பிறப்பாக்கிகளுக்கெல்லாம் முன்னோடி. நம் நாட்டிலே 1950ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய இலக்சபான நீர்மின் நிலையத்திலும், மலையிலிருந்து வீழும் நீர் சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் காந்தத்துக்கும் கம்பிச்சுருளுக்குமிடையே ஓயாத அசைவை உண்டாக்க, மின்சாரம் பிறக்கிறது. அன்று இலண்டன் நிலக்கீழ் ஆய்வுகூடத்தில் ஒரு ஊசி துடித்திராவிட்டால் நம் வீடுகளில் இரவு இத்துணை வெளிச்சமாக இராது.

கணிதம் அறியாதவர் கண்ட கோடுகள்

காந்தத்தின்மேல் காகிதத்தை விரித்து இரும்புத் தூளைத் தூவினால், தூள் வளைந்த கோடுகளாக ஒழுங்குபடும். இதைப் பார்த்தவர் பலர். பரடேயோ அக்கோடுகள் வெறுங் கோலமல்ல, காந்தத்தைச் சூழ்ந்த வெளியிலே உண்மையான ஒரு நிலை இருக்கிறது என்று கருதினார். கணிதங் கற்ற பெரியோர் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. சமன்பாடு எழுதத் தெரியாத குறை அவருக்கு இருந்தது. அக்குறையே மனக்கண்ணாற் காணும் ஆற்றலை அவரிடம் கூர்மையாக்கியது. பின்னர் ஜேம்ஸ் கிளாக் மக்ஸ்வெல் என்னும் இளைஞர் அக்கோடுகளைக் கணிதமாக மாற்றி, 1864ஆம் ஆண்டில் ஒளியும் ஒரு மின்காந்த அலையே என்ற முடிவை வெளியிட்டார். வானொலி முதல் கைத்தொலைபேசி வரை அந்த வழியிலே வந்தவை.

வேறு துறைகளிலும் அவர் கை வைத்தார். குளோரீன் வாயுவை 1823ஆம் ஆண்டில் திரவமாக்கினார். பென்சீன் என்னும் பொருளை 1825ஆம் ஆண்டில் கண்டார். மின்பகுப்பு விதிகளை 1833, 1834ஆம் ஆண்டுகளில் வகுத்தார். 1836ஆம் ஆண்டிலே 12 அடி அளவான பெரிய கூண்டொன்றை அமைத்து, அதன் புறத்தைக் கம்பியாலும் உலோகத் தகட்டாலும் போர்த்து, தாமே உள்ளே சென்று அமர்ந்தார். கூண்டின் வெளிப்புறத்தில் மின்பொறிகள் பறந்தன. உள்ளேயிருந்த நுண்ணிய கருவிகளும் மின்னேற்றம் எதையும் காட்டவில்லை. மின்னேற்றம் கடத்தியின் வெளிப்புறத்திலேயே தங்கும் என்பது இதனால் விளங்கிற்று. இடி மின்னல் வேளையிலே உலோகக் கூரையும் சுவருமுள்ள மோட்டார் வாகனம் தன்னுள் இருப்பவரைக் காப்பதும் இக்காரணத்தாலேயே.

ஒரு மெழுகுவர்த்தியும் ஆறு விரிவுரைகளும்

இளைஞராகிய நாம் பரடேக்கு நன்றி கூறவேண்டிய இடம் இதுவே. றோயல் இன்ஸ்ரிரியூஷனில் 1825ஆம் ஆண்டிலே நத்தார் விடுமுறைக்கால விரிவுரைகள் தொடங்கப்பட்டன. இளம் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட அவ்விரிவுரைகளைப் பரடே 1827 முதல் 1860 வரை பத்தொன்பது தொடர்களாக ஆற்றினார். 1855ஆம் ஆண்டிலே இராணியின் கணவர் தம் புதல்வர்களை அழைத்துவந்து முன்வரிசையில் இருத்தினார். கொல்லர் மகனின் வாயிலிருந்து அரச குமாரர் பாடங் கேட்டனர்.

அவ்விரிவுரைகளுள் அழியாப் புகழ் பெற்றவை மெழுகுவர்த்தியைப் பற்றியவை. 1860ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ஆற்றிய ஆறு விரிவுரைகளும் அடுத்த ஆண்டில் நூலாக வெளிவந்தன. மேசைமேல் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு அவர் கேட்ட வினாக்கள் குழந்தையும் கேட்கக்கூடியவை.

திண்மமான மெழுகு சுவாலைக்கு எவ்வாறு ஏறிச் செல்கிறது? வெப்பத்தால் உருகிய மெழுகு திரியின் நூலிழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளூடாக மேலேறுகிறது. இதனைக் காட்ட, நிறமூட்டிய உப்புநீர் உள்ள தட்டிலே உப்புக் கட்டியொன்றை நிறுத்தினார். நீர் கட்டியில் ஊர்ந்து உச்சிவரை ஏறிற்று. நம் கோயில் அகல்விளக்கிலே எண்ணெய் திரியில் ஏறுவதும் இந்த மயிர்த்துளைத் தன்மையாலேயே. மெழுகின் விளிம்பு ஏன் கிண்ணம்போல் நிற்கிறது? சுவாலையின் வெப்பத்தால் காற்று மேலெழ, பக்கத்துக் குளிர்காற்று ஓடி வந்து விளிம்பைக் குளிர்விக்கிறது. அதே காற்றோட்டமே சுவாலையை மேல்நோக்கிக் கூராக்குகிறது.

எரிவது திரியா, மெழுகா? இரண்டுமன்று, மெழுகின் ஆவியே எரிகிறது. சுவாலையின் நடுவேயுள்ள இருண்ட பகுதியிலே கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை வைத்து, மறுமுனையில் வெளிவந்த ஆவியைக் கொளுத்திக் காட்டினார். அணைத்த திரியிலிருந்து எழும் வெண்புகையும் அந்த ஆவியேயாகும். திரிக்கு எட்ட நின்று புகையிலே தீயைக் காட்டினாலும் தீ ஓடி வந்து திரியைப் பற்றிக்கொள்ளும்.

சுவாலை ஏன் மஞ்சளாக ஒளிர்கிறது? எரிந்து முடியாத காபன் துகள்கள் அங்கே பழுக்கக் காய்ந்து ஒளி வீசுகின்றன. சுவாலையினுள்ளே ஒரு பீங்கானைப் பிடித்தால் படியுங் கரி அத்துகள்களே. கரி என்று நாம் இகழ்வதே நமக்கு வெளிச்சந் தருகிறது.

எரிந்த மெழுகு எங்கே போயிற்று? இதுவே எல்லாவற்றிலும் பெரிய வினா. பனிக்கட்டி வைத்த குளிர்ந்த பாத்திரத்தைச் சுவாலைக்கு மேலே பிடித்தார். அதன் அடியில் நீர்த்துளிகள் தோன்றின. மெழுகிலுள்ள ஐதரசன் காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடி நீராயிற்று. சுவாலையிலிருந்து எழும் வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரினுள்ளே செலுத்தினார். நீர் பால்போல் வெளுத்தது. மெழுகிலுள்ள காபன் காபனீரொட்சைட்டாயிற்று. ஆகவே மெழுகு அழியவில்லை, உருமாறிற்று. பிறகு தம் மூச்சையே சுண்ணாம்பு நீருக்குள் ஊதினார், அதுவும் வெளுத்தது. நாம் உண்ணும் உணவிலுள்ள காபனும் உடலினுள்ளே ஒட்சிசனோடு கூடி வெப்பத்தைத் தருகிறது. மனித உடலும் மெல்ல எரியும் ஒரு விளக்கே என்று குழந்தைகள் அறிந்தனர்.

மேசையை நகர்த்தியது யார்?

1853ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலே ஒரு மோகம் பரவியது. இருட்டறையில் மேசையைச் சுற்றியிருந்து கைகளை அதன்மேல் வைத்தால், ஆவிகள் மேசையை நகர்த்துகின்றன என்று படித்தவர்களும் நம்பினர். பரடே யாரையும் ஏளனஞ் செய்யவில்லை, பரிசோதித்தார். கைகளுக்கும் மேசைக்குமிடையே ஒன்றன்மேல் ஒன்று வழுக்கக்கூடிய அட்டைகளை வைத்தார். மேசை முன்னே போய்க் கைகளை இழுத்ததா, கைகள் முன்னே போய் மேசையைத் தள்ளினவா என்பதை அட்டைகள் விலகிய திசை காட்டிக் கொடுத்தது. தள்ளியவை கைகளே. பின்னர் கையின் அசைவைக் காட்டும் முள்ளொன்றை அமர்ந்திருந்தோர் கண்ணெதிரே வைத்தார், மேசை நின்றுவிட்டது. அவர்கள் பொய்யர் அல்லர். தாம் தள்ளுவதைத் தாமே அறியாதவர்கள். மற்றவரை ஏமாற்றுவதிலும் தன்னைத்தான் ஏமாற்றுவதே மனிதனுக்கு எளிதென்பதை அச்சிறு கருவி உணர்த்திற்று.

1855ஆம் ஆண்டு யூலையில் தேம்ஸ் நதியிலே படகிற் செல்லும்போது நீரின் நாற்றத்தைக் கண்டு மனம் பொறாது, வெள்ளை அட்டைத் துண்டுகளை நனைத்து இறங்குதுறைதோறும் நீரிலே போட்டார். ஓர் அங்குலம் தாழுமுன்னே அவை கண்ணுக்கு மறைந்தன. விலைபெற்ற கருவி எதுவுமில்லாமல் நதியின் அழுக்கை அளந்து, பத்திரிகைக்கு எழுதி அதிகாரிகளை எச்சரித்தார். மூன்று ஆண்டின் பின் நாற்றம் பாராளுமன்றத்தையே திணறடித்தபோதுதான் பெரிய கழிவுநீர்க் கால்வாய்களுக்கு வழி பிறந்தது.

எளிமையும் இறுதியும்

பரடே சண்டிமானியர் என்னும் சிறிய கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். பொருள் சேர்த்து வைத்தல் தகாதென்பது அச்சபையார் கொள்கை. கம்பனிகளுக்கு ஆலோசனை கூறிப் பெருந்தொகை உழைக்க வழியிருந்தும் அதனைக் கைவிட்டு ஆராய்ச்சியைத் தேர்ந்தார். சேர் பட்டத்தை மறுத்தார். றோயல் சொசைற்றியின் தலைமைப் பதவி இருமுறை தேடி வந்தபோதும் மறுத்தார். நம் பெரியோர் போற்றும் பற்றின்மை எந்தச் சமயத்தாரிடங் காணப்பட்டாலும் வணங்கத்தக்கதே.

அவரை வருத்தியது வறுமையன்று, மறதி. நாற்பதுகளின் இறுதியிலேயே தலைச்சுற்றும் ஞாபகக் குறைவும் அவரைப் பற்றிக்கொண்டன. செய்ததையே மறந்து மீண்டுஞ் செய்யும் நிலையும் வந்தது. ஆயினும் ஆய்வுக் குறிப்புகளைப் பந்தி பந்தியாக இலக்கமிட்டு எழுதும் பழக்கம் அவரைக் காத்தது. மனம் தவறவிட்டதைக் குறிப்பேடு ஏந்திக்கொண்டது. அதன் கடைசி இலக்கம் 16,041. 1862ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12ஆம் நாள், காந்தத்தால் சுவாலையின் ஒளிக்கோடுகள் மாறுகின்றனவா என்று பார்த்தார்; மாற்றம் எதையுங் காணவில்லை; அப்படியே எழுதி வைத்தார். 1896ஆம் ஆண்டிலே சேமன் என்னும் ஒல்லாந்து விஞ்ஞானி வலிய கருவிகளோடு அதே வினாவைக் கேட்டு, மாற்றத்தைக் கண்டார். 1902ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். பரடேயின் கடைசி வினா பிழையன்று. அதற்கேற்ற கருவி மாத்திரம் அன்று பிறந்திருக்கவில்லை.

1867ஆம் ஆண்டு ஓகஸ்ற் 25ஆம் நாள், அரசி வாழ்நாளுக்கென அளித்த ஹம்ரன் கோட் இல்லத்திலே, தம் நாற்காலியில் அமர்ந்தபடியே பரடே அமைதியாக உயிர் நீத்தார். ஹைகேற் இடுகாட்டில் ஒரு சாதாரண கல்லின்கீழ் அவர் அடங்கியுள்ளார்.

வாசகர்க்குச் சில வினாக்கள்

பரடேயைப் பற்றி வாசித்த நாம் அவர் முறைப்படி நடவாமல் விடலாமா? கீழ்வரும் வினாக்களுக்கு விடை இக்கட்டுரையிலேயே உண்டு. ஆயினும் முதல் நான்கையும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கச் செய்து பார்த்தே விடை கூறுக.

1. மெழுகுவர்த்தியை அணைத்தவுடன் எழும் வெண்புகையிலே நெருப்புக்குச்சியைக் காட்டினால் என்ன நிகழும்?

2. குளிர்ந்த உலோகக் கரண்டியைச் சுவாலைக்குச் சற்று மேலே ஒரு கணம் பிடித்தால் தோன்றும் மங்கல் எது? சுவாலையினுள்ளே பிடித்தால் படிவது எது?

3. அகல்விளக்கின் திரியை எடுத்துவிட்டால் எண்ணெயில் மட்டும் ஏன் தீப்பற்றுவதில்லை?

4. தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் குழாயால் மெதுவாக ஊதினால் என்ன நிறம் வரும்? ஊதும்போது உறிஞ்சிவிடாதீர்கள்.

5. காந்தத்தைக் கம்பிச்சுருளினுள்ளே அசையாமல் வைத்தால் மின்னோட்டம் உண்டாகுமா?

6. மின்னல் வேளையில் மரத்தின்கீழ் நிற்பதிலும் மூடிய மோட்டார் வாகனத்துள் இருப்பது ஏன் நன்று?

அடுத்த பொது அறிவுப் போட்டியிலே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தவர் யார் என்று கேட்கப்படும்போது, மைக்கல் பரடே என்று நம் இளைஞர் விரைந்து விடை பகரட்டும், புள்ளியும் பெறட்டும். வீடு சென்றபின் ஒரு காந்தத்தையும் சிறிது செப்புக் கம்பியையும் தேடி எடுப்பாராயின், அப்போது பரடேயை உண்மையாகவே அறிந்தவர் ஆவார்.